திரை கறுத்தால் கணினி இல்லையா?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று எங்கே போனாலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துப் பிடித்தபடி யாராவது ஒரு ஆல்-இன்-ஒன் கணினியைக் கொண்டுவந்து இறக்குவார்கள். சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தை: "சிஸ்டம் செத்துப்போச்சுங்க." மெக்கானிக் பிளக்கைச் சொருகுவார், பட்டனை அழுத்துவார், காதைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே விசிறி ஓடுகிறது. கேப்ஸ் லாக்கைத் தட்டினால் கீபோர்டில் விளக்கு எரிந்து அணைகிறது. ரசீதில் அவர் எழுதுவது வேறு: "நோ டிஸ்ப்ளே."

வாடிக்கையாளர் சொன்னது ஒரு பொருளின் இருப்பைப் பற்றிய தீர்ப்பு. மெக்கானிக் எழுதியது தன் கண்ணுக்கு என்ன தெரியவில்லை என்ற தகவல். முதலாவதிலிருந்து இரண்டாவதைப் பிரித்து வைப்பதற்காக இந்தியத் தத்துவவாதிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். காணவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? கடவுள் உண்டா, உடலுக்கு அப்பால் உயிர் உண்டா, செத்தபின் ஏதும் மிஞ்சுமா என்று எங்கே தொடங்கினாலும் வாதம் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்ளும்.

டவர் தனியாக, மானிட்டர் தனியாக இருந்த காலத்தில் கணினியைப் பொறுத்தவரை இது பெரிய கேள்வியாக இல்லை. பக்கத்து மேசை மானிட்டரைக் கழற்றி மாட்டினால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். ஆல்-இன்-ஒன்னில் அப்படிச் செய்ய முடியாது. போர்டு, பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க், பேனல் எல்லாம் ஒரே கூட்டுக்குள். முகம் கறுத்துவிட்டால் உடம்பும் போய்விட்டதாகவே தோன்றும். ஆடிட்டர் அலுவலகத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் நர்சிங் ஹோம் வரவேற்பு மேசையிலும் பத்து வருடத்துக்கு மேல் உழைத்த இயந்திரங்கள் இவை. இந்த வட்டாரத்துக்கு இவை அந்நியமும் அல்ல. டெல் நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் கணினி ஆலையைத் திறந்தது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் அதே ஊர்தான்.

திரைக்குள் நடப்பது என்ன என்று பார்த்துவிட்டால் கேள்வியின் கூர்மை புரியும். எல்.சி.டி. பேனலுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதிலுள்ள திரவப் படிகங்கள் ஒளியை விடும், அல்லது மறிக்கும். அவ்வளவுதான் அவற்றின் வேலை. ஒளி பின்னாலிருந்து வரவேண்டும். பழைய மாடல்களில் அதற்கு பென்சிலைவிட மெலிந்த சி.சி.எஃப்.எல். குழல் விளக்குகள் இருந்தன. அவற்றை எரியவைக்க இன்வெர்ட்டர் என்ற சிறு போர்டு பல நூறு வோல்ட் மின்னழுத்தத்தைத் தரும். 2010ஐ ஒட்டி அந்த இடத்துக்கு எல்.இ.டி. பட்டைகள் வந்துவிட்டன. பேக்லைட் போய்விட்டால் என்ன ஆகும்? கணினி ஓடும். கிராபிக்ஸ் சிப் நொடிக்கு அறுபது முறை படத்தை வரைந்து பேனலுக்கு அனுப்பும். படிகங்கள் ஒழுங்காகத் திரும்பிப் படத்தை உருவாக்கும். படம் இருட்டில் நின்றுகொண்டிருக்கும்.

அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. கடையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மெக்கானிக் செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே, சாய்வாகப் பிடிப்பார். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்காத கோணம் கிடைக்கும்வரை மெதுவாக நகர்த்துவார். முதலில் தூசியும் விரல் தடங்களும்தான் தெரியும். பிறகு திடீரென்று, சாம்பல் மேல் சாம்பலால் வரைந்ததைப் போல, ரீசைக்கிள் பின் படம் ஒன்று. மூலையில் மணி ஓடுகிறது.  கூட வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "உள்ள இருக்குதுங்க!" என்பார்கள். டார்ச் எதையும் உண்டாக்கவில்லை. இருந்ததைக் காட்டியது.

சாங்கிய மரபின் ஈசுவரகிருஷ்ணர் இதை ஒரு பட்டியலாகவே போட்டு வைத்திருக்கிறார். அவருடைய சாங்கிய காரிகை 6ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்தரால் சீன மொழிக்குப் போன நூல். உள்ள பொருள் கண்ணில் படாமல் போவதற்கு அதில் எட்டுக் காரணங்கள்: மிகத் தொலைவு, மிக அருகு, புலன் பழுது, மனம் வேறிடத்தில் இருத்தல், பொருளின் நுண்மை, இடையில் மறைப்பு, வலியதொன்றால் அமுக்கப்படுதல், தன்னைப் போன்றவற்றோடு கலந்துவிடுதல். மிக அருகு என்பதற்கு உரையாசிரியர்கள் கண்ணில் தீட்டிய மையைச் சொல்வார்கள். அமுக்கப்படுதலுக்குப் பகல் வெயிலில் தெரியாத விண்மீன்கள். கலந்துவிடுதலுக்கு ஏரியில் விழுந்த மழைத்துளி.

சர்வீஸ் மேசையில் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆச்சரியமாக இருக்கும். மேற்கு ஜன்னல் வெயில் திரையில் விழ, பேக்லைட்டும் மங்கியிருந்தால், அது அமுக்கப்படுதல். டார்ச்சில் மட்டும் தெரியும் படம் நுண்மைக்குச் சரியாகப் பொருந்தும். லூசான கேபிளும் சுட்டுப்போன இன்வெர்ட்டரும் புலன் பழுதின் கணக்கு. கண் மைக்கு ஈடாகச் சொல்லத்தக்கது, இயந்திரத்தின் விளிம்பிலேயே இருந்தும் யாரும் கவனிக்காத ஒரு பட்டன். சில லெனோவா, எச்.பி. ஆல்-இன்-ஒன்களில் வெளியிலிருந்து படம் வாங்கும் எச்.டி.எம்.ஐ. இன் வசதி உண்டு. தூசி துடைக்கும்போது அந்த மாற்றுப் பட்டன் அழுந்திவிட்டால் திரை வெளியிலிருந்து வராத படத்துக்காகக் காத்துக்கொண்டு கறுப்பாகவே நிற்கும். கணினி ஒரு குறையும் இல்லாமல் உள்ளே ஓடும். இதற்காக ஸ்பேர் தேடிச் சென்னை ரிச்சி தெரு வரைக்கும் போய் வந்தவர்கள் உண்டு.

பட்டியல் போடுவதோடு வேலை முடியவில்லை. 'இல்லை' என்று சொல்ல யாருக்கும் எப்போதும் உரிமை கிடையாதா என்ற எதிர்க்கேள்வி உடனே எழும். மேசைமேல் டம்ளர் இல்லை என்பதை எல்லோரும் தயக்கமின்றிச் சொல்கிறோமே? மீமாம்சகரான குமாரில பட்டர் காணாமையைத் தனி அறிவு வழியாகவே ஏற்றார். மேசையில் டம்ளர் இல்லை என்பது டம்ளரைக் காணாததாலேயே தெரிகிறது, அதற்கு வேறு அனுமானம் வேண்டாம் என்பது அவர் கட்சி. பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்துக்குள் அடக்கினார். ஆனால் ஒரு நிபந்தனையை இரு பக்கமும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டன. இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான், தெரியவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகும். வெளிச்சம் இருக்கவேண்டும். கண் நன்றாக இருக்கவேண்டும். பொருளும் காணத்தக்கதாக இருக்கவேண்டும். இருட்டறையில் டம்ளர் தெரியவில்லை என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை. பேக்லைட் எரிகிறதா என்று உறுதிசெய்யாமல் "சிஸ்டம் செத்துப்போச்சு" என்பது இருட்டறை வாதம்.

தமிழில் இந்தச் சண்டையை நேரில் பார்க்க வேண்டுமானால் மணிமேகலையின் 27ஆம் காதைக்குப் போகவேண்டும். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பூதவாதி தன் முறை வந்ததும், கண்கூடாகக் காண்பதைத் தவிர மற்றதை ஏற்பதற்கில்லை என்கிறான். பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும், பிரிந்தால் போய்விடும், அவ்வளவே. அவள் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய்? தத்துவ வரலாற்றில் இத்தனை சுருக்கமாக ஒரு கட்சியை மடக்கிய இடம் அதிகமில்லை. பூதவாதிக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை என்பது வேறு விஷயம். காப்பியத்தைப் பாடிய சாத்தனார் பௌத்தர், நடுவரும் அவரே.

அதே காதையில் அளவைவாதி சொல்லும் எட்டுப் பிரமாணப் போலிகளில் மூன்று எந்த மெக்கானிக்குக்கும் பாடமாகச் சொல்லத்தக்கவை. ஐயம்: தூரத்தில் நிற்பது தறியா (நட்ட கட்டையா), ஆளா என்று தடுமாறுவது. திரியக்கோடல்: இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று கொள்வது. தேராது தெளிதல்: ஆராயாமலே இதுதான் என்று முடிவுகட்டுவது. இவற்றில் வாடிக்கையாளரின் பணப்பையைக் காலி செய்வது மூன்றாவது. "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்று பின் கவரைத் திறக்காமலே சொல்லும் கடைகள் எல்லா ஊரிலும் உள்ளன.

ஆராய்ந்து தெளிவது எப்படி இருக்கும் என்பதற்கு ஆப்பிளின் பழைய இன்டெல் ஐமேக்குகள் நல்ல உதாரணம். அவற்றில் பல மாடல்களின் போர்டில் நான்கு சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக இருக்கும். பிளக் சொருகியதும் முதல் விளக்கு எரிந்தால் மின்சாரம் போர்டுவரை வருகிறது. பட்டனை அழுத்தியதும் இரண்டாவது எரிந்தால் கணினி விழித்துக்கொண்டது. மூன்றாவது, போர்டும் கிராபிக்ஸ் சிப்பும் பேசிக்கொள்கின்றன என்பதற்கு அடையாளம். நான்காவது, போர்டுக்கும் பேனலுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு. நான்கும் எரிகின்றன, திரை மட்டும் கறுப்பு என்றால் பேக்லைட்டின் மேல்தான் முதல் சந்தேகம். இந்த முறைக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பத்து அளவைகளை, அதாவது அறிவு வழிகளை, எண்ணி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். அந்தப் பத்தில் 'ஒழிபு' என்று ஒன்று உண்டு. இதுவல்ல, இதுவல்ல என்று தள்ளிக்கொண்டே போய் எஞ்சியதைப் பிடிப்பது. ஐமேக்கின் நான்கு விளக்குகளும் ஒழிபின் நான்கு படிகள்.

ஒழிபுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. தள்ளவேண்டியவற்றின் பட்டியல் முழுமையாக இல்லாவிட்டால் எஞ்சியது என்று நாம் பிடிப்பது தவறான ஆளாக இருக்கும். 2011 மே முதல் 2012 அக்டோபர் வரை விற்ற 27 அங்குல ஐமேக்குகள் சிலவற்றில் படம் சிதைந்தது, வெள்ளைத் திரையிலோ நீலத் திரையிலோ நெடுக்குக் கோடுகள் விழுந்தன, சிலவற்றில் திரை கறுத்தே போனது. பார்த்தவருக்கு எல்லாம் பேனல் கோளாறாகவே தெரியும். பழுது கிராபிக்ஸ் கார்டில் இருந்தது. 2013இல் ஆப்பிள் அந்தக் கார்டுகளை இலவசமாக மாற்றித்தரும் திட்டத்தை அறிவித்தது. நோய் தெரிந்த இடம் ஒன்று, நோய் இருந்த இடம் வேறு.

இங்கே வாதம் இன்னொரு பக்கம் திரும்புகிறது. இதுவரை பேசியது தெரியாமையைப் பற்றி. தப்பாகத் தெரிவதை என்ன செய்வது? திரை முழுக்க மஞ்சள் பூத்திருக்கிறது. அல்லது எழுத்துகளின் மேல் பச்சைக் கோடு ஓடுகிறது. கோடு எங்கே இருக்கிறது? அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைத் தன் செல்போனுக்கு அனுப்பிப் பார்ப்பார். போனில் கோடு தெரிந்தால் அது கணினி உண்டாக்கிய படத்திலேயே இருக்கிறது. டிரைவரையோ கிராபிக்ஸ் சிப்பையோ பார்க்கவேண்டும். போனில் படம் சுத்தமாக இருந்தால் கோடு பேனலிலோ கேபிளிலோ இருக்கிறது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே கோடு விழுந்தால் விண்டோஸ்மேல் பழிபோடுவதில் அர்த்தமில்லை.

காமாலைக் கண்ணுக்குச் சங்கு மஞ்சளாகத் தெரிகிறதே, அந்த மஞ்சள் எங்கே இருக்கிறது என்று நம் மரபில் கேட்டதும் இதே கேள்வி. இதற்கு வந்த பதில்களில் மிகத் துணிச்சலானது ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவருடையது. இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில், எந்த அறிவும் அடியோடு பொய்யான ஒன்றைக் காட்டுவதில்லை என்ற நிலையை எடுக்கிறார். பஞ்சபூதங்களும் ஒன்றில் ஒன்று கலந்தே உலகப் பொருள்கள் ஆகியிருப்பதால் இப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிது உண்டு. அதைக் கண்டவன் வெள்ளி என்றான். இப்பியின் கூறே மிகுதி என்பதைக் காணத் தவறியதுதான் பிழை. சங்கின் மஞ்சள்? கண்ணிலுள்ள பித்தத்தின் மஞ்சள் கண்ணொளியோடு சேர்ந்து போய்ச் சங்கின் மேல் படிகிறது. மஞ்சள் உண்மை. அது சங்கினுடையது என்று கொண்டதில்தான் கோளாறு.

கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற அந்தக் கால இயற்பியலை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அதன் பின்னாலிருக்கும் ஒழுக்கம் சர்வீஸ் மேசையில் தினம் பயன்படுகிறது. கண்ட குறியைப் பொய் என்று தள்ளாதே. அது எங்கிருந்து வருகிறது என்று தேடு. சங்கரரைப் பின்பற்றும் அத்வைதி, கண்ட வெள்ளியை உள்ளது என்றும் சொல்லமுடியாது, இல்லாதது என்றும் சொல்லமுடியாது என்பார். அழகான பதில்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த கேபிளைக் கழற்றுவது என்று தெரியாது. கடைக்கு இராமானுசரே தோது.

இராமானுசரின் கதையில் பூந்தமல்லிக்கும் ஒரு பங்கு உண்டு. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர் நம்பி. இராமானுசருக்குச் சில ஐயங்கள் எழுந்தபோது நேரே பெருமாளைக் கேட்க வழியில்லை. நம்பி கேட்டு வந்து சொன்னார் என்கிறது வைணவ மரபு. ஆறு வார்த்தைகள் என்று அவை போற்றப்படுகின்றன. காண்டலும் கருதலும் ஓய்ந்த இடத்தில் நம்பத்தக்கவர் வாய்மொழியே அளவை. யார் நம்பத்தக்கவர்? நியாய பாஷ்யத்தில் வாத்ஸ்யாயனர் சொல்லும் இலக்கணம் எளிமையானது: பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். பின் கவரைத் திறந்து பார்த்தவர், பார்த்ததை மட்டும் சொல்பவர் என்றால் எட்டாம் வகுப்போடு நின்ற ஆவடி மெக்கானிக்கும் அந்த இலக்கணத்துக்குள் வந்துவிடுவார்.

கறுத்த திரையைவிடக் கெட்ட திரை ஒன்று உண்டு. பழைய சி.சி.எஃப்.எல். விளக்குகள் ஒரே நாளில் போவதில்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். வெள்ளை நிறம் மெல்லப் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயும். தினமும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்தில் புது மானிட்டரை வைத்த அன்றுதான், இத்தனை நாள் சாம்பலைப் பார்த்து வெள்ளை என்று நம்பியிருந்தது புரியும். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றித் திருவருட்பயனில் உமாபதி சிவம் சொல்வது இதுதான். இருட்டு எதையும் காட்டாது, ஆனாலும் தன்னையாவது இருட்டு என்று காட்டிக்கொள்ளும். ஆணவமோ மற்றதையும் காட்டாது, தன்னையும் காட்டாது. கறுத்த திரை நேர்மையானது. மெல்ல மங்கும் திரைக்கு அந்த நேர்மை இல்லை.

இவ்வளவும் ஆத்திகத்துக்கு வசதியான வாதமாகத் தெரியலாம். காணாதது இல்லாதது ஆகாது, ஆகவே கடவுள் உண்டு என்று ஒரே தாவில் போய்விட முடியுமா? முடியாது. மறைந்திருக்கலாம் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. டார்ச் அடித்தும் படம் தெரியவில்லை, வெளி மானிட்டர் மாட்டியும் படம் வரவில்லை, ரேமைக் கழற்றி அதன் முனையை ரப்பரால் தேய்த்து மாட்டியும் பலனில்லை, விசிறியும் சுற்றவில்லை என்ற நிலையில் "உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவரை யாரும் தத்துவவாதி என்று சொல்லமாட்டார்கள். தத்துவவாதி ஆண்டனி ஃப்ளூ 1950இல் எழுதிய சிறு கட்டுரையில் ஆத்திகரிடம் கேட்டது இதைத்தான். காட்டுக்குள் ஒரு தோட்டத்தைக் கண்டவர்களில் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத தோட்டக்காரர் இருக்கிறார் என்கிறார். மின்வேலி போட்டும் நாய்களை விட்டும் யாரும் அகப்படவில்லை. அவர் நம்பிக்கை அசையவில்லை. அப்படியானால் அந்தத் தோட்டக்காரருக்கும் தோட்டக்காரரே இல்லாததற்கும் என்ன வேறுபாடு?

காணாமைக்குத் தனி அளவை என்ற தகுதியைத் தந்த குமாரில பட்டரே, உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்ற வாதத்தை மறுத்தவர் என்பதை இங்கே சொல்லவேண்டும். வேதத்தை உயிராகக் கொண்டவர் அவர். படைப்பின் தொடக்கத்தை யார் பார்த்தது என்று கேட்க அவர் தயங்கவில்லை. கணினிக்கு வெளி மானிட்டர் இருக்கிறது. கடவுள் கேள்விக்கு மாட்டிப் பார்க்க அப்படி ஒரு சாதனம் கிடையாது என்பார் நாத்திகர். உண்டு, குருவின் சொல்லும் சிவானுபவமும்தான் என்பார் சைவ சித்தாந்தி. அந்தச் சாதனம் தனக்குத் தெரிந்த கேபிளில் பொருந்தவில்லை என்று நாத்திகர் சொன்னால், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள இடமில்லை. இந்த வழக்கு இந்தப் பக்கங்களில் தீரப்போவதுமில்லை.

ஆனால் வழக்கின் இரு தரப்பும் சொல்லாமலே ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. கண்தான் நடுவர் என்பது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் திருமுல்லைவாயிலுக்குப் போனால் அந்த உடன்பாடு ஆட்டம் காணும்.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரிடம், பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு அதை மீறித் திருவாரூருக்குக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. பார்வையில்லாமல் அவர் வந்து பாடிய தலங்களில் ஒன்று வடதிருமுல்லைவாயில். இதை விரிவாகச் சொன்ன சேக்கிழாருக்கும் இந்தப் பக்கம்தான் சொந்த ஊர், பூந்தமல்லிக்குத் தெற்கேயுள்ள குன்றத்தூர். திருமுல்லைவாயில் மாசிலாமணியீசுவரர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பவர். தொண்டைமானின் வாள் பட்ட காயத்துக்காக அது என்பது தலபுராணம். சித்திரை சதயத்தை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். கண்ணுள்ளவர்கள் மற்ற நாளெல்லாம் பார்ப்பது சந்தனத்தை. அந்தச் சன்னிதியில் நின்ற சுந்தரருக்கு மற்றவர்களைவிட என்ன குறைந்துவிட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்துத் திருவெண்பாக்கத்தில், கோயிலில் இருக்கிறாயா என்று அவரே கேட்டுவிடுகிறார். இருக்கிறோம், போகலாம் என்பதுபோல் பதில் வந்தது, கூடவே ஒரு ஊன்றுகோலும். காட்சி வரவில்லை, குரல் வந்தது. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் திரும்பக் கிடைத்தது அதற்குப் பிறகு. பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது பழைய வெண்பாக்கம் கோயில் இடம் நீருக்குள் போக, கோயிலைப் பூண்டியில் மாற்றிக் கட்டினார்கள். 

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி 1931இலிருந்து இருக்கிறது. தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரில்தான். பார்வையற்றோர் கணினியை இயக்குவது திரைபடிப்பான் என்ற மென்பொருளால். அவற்றில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ.வை 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் டெஹ் சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். தமிழையும் அது வாசிக்கும். அது பேனலைப் பார்த்து வாசிப்பதில்லை. எந்தச் சன்னல் திறந்திருக்கிறது, எந்தப் பட்டனில் நிற்கிறோம், என்ன எழுத்து என்பதை இயங்குதளத்திடமிருந்தே கேட்டுக் குரலாக்குகிறது. பேக்லைட் போன ஆல்-இன்-ஒன்னை என்.வி.டி.ஏ. வைத்திருப்பவரிடம் கொடுத்தால் கடிதம் தட்டச்சு செய்வார், மின்னஞ்சல் அனுப்புவார், வேலையை முடித்துக்கொண்டு எழுந்திருப்பார். யாராவது சொன்னாலொழிய, திரை போனதே அவருக்குத் தெரியாது.

அதைவிடச் சுவையான தகவல் ஒன்று. என்.வி.டி.ஏ.வில் திரையை வேண்டுமென்றே கறுப்பாக்கும் வசதி இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் தன் கடிதத்தை எட்டிப் படிக்கக் கூடாது என்று பயன்படுத்துபவரே அதைப் போட்டுக்கொள்வார். சித்தாந்தம் சிவனின் ஐந்தொழிலில் மறைத்தலையும் ஒரு தொழிலாக, அதுவும் அருளாக எண்ணுகிறது. திரை கறுத்திருப்பதைப் பழுது என்று முடிவுகட்டும் முன், யாருக்காவது அது வேண்டியிருந்ததா என்று கேட்பதும் ஆராய்ந்து தெளிவதில் சேர்த்திதான்.

வீட்டுப் பரணில் ஒரு பழைய ஆல்-இன்-ஒன் "செத்து"க் கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் சொருகிப் போடுங்கள். கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். அறையை இருட்டாக்கி டார்ச் அடியுங்கள். 2017க்குப் பிந்தைய விண்டோஸ் 10 இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தால் நரேட்டர் பேசத் தொடங்கும். பின்பக்கத்து எச்.டி.எம்.ஐ. துளை 'அவுட்'தானா என்று உறுதிசெய்துகொண்டு வீட்டு டிவியை அதில் மாட்டுங்கள். படம் வந்தால் முதல் வேலையாகப் புகைப்படங்களையும் ஃபைல்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பின் கவரை மட்டும் நீங்களே கழற்றவேண்டாம். இன்வெர்ட்டரில் பல நூறு வோல்ட் ஓடும், பவர் சப்ளையின் கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். அதைத் திறப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை.